விசாவும் விருப்பமும்: கட்டாயக் கலியாணம் பற்றி என் மேசைக்கு வரும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ் என்று விசாவுக்குக் கேட்கும் பத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பொம்பிளை வருவார், கூடவே அம்மா, மாமி, சில நேரம் தரகரும் வருவார். சில பிள்ளைகள் வந்து போகும்வரை வாய் திறப்பதில்லை. பெயருக்கு ஆங்கில எழுத்துக் கேட்டால்கூட மாமிதான் சொல்வார். அப்படி வந்துபோன சிலர் பிறகு தனியாக, தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ என்னிடம் கேட்டவை இவை.

நான் சட்டத்தரணி அல்ல. படித்தும் சட்டத்தரணிகளிடம் கேட்டும் அறிந்ததையே எழுதுகிறேன். வெளிநாட்டு விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், எந்த முடிவுக்கும் முன் அந்த நாட்டு அரசின் இணையத்தளத்தை ஒருமுறை பாருங்கள்.

பெற்றோர் பேசிச் செய்யும் கலியாணமும் கட்டாயக் கலியாணம்தானா?

இல்லை. பெற்றோர் சம்பந்தம் பார்ப்பதும், சாதகம் பொருத்துவதும், பெடியனின் படத்தை அனுப்பி "பிடிச்சிருக்கா" என்று கேட்பதும் குற்றமல்ல. பிரித்தானியா போன்ற நாடுகளில் விசா அதிகாரி அதை மட்டும் வைத்து விண்ணப்பத்தை மறுக்க முடியாது.

பிள்ளை "வேண்டாம்" என்ற பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேச்சு அத்தோடு நின்றால் அது பேசிச் செய்யும் கலியாணம். அடி விழுந்தால், போன் பறிபோனால், படிப்பு நின்றால், அம்மா மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தால், அது கட்டாயம். இங்கிலாந்துச் சட்டம் வன்முறை, மிரட்டல், வேறு எவ்வகை வற்புறுத்தல் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. மனவளர்ச்சிக் குறைபாடு போன்ற காரணத்தால் சம்மதம் கொடுக்கும் நிலையிலேயே இல்லாத ஒருவரைக் கட்டிவைத்தால், அங்கே வற்புறுத்தல் இருந்ததா என்று பார்க்கத் தேவையுமில்லை.

"மண்டபம் புக் பண்ணியாச்சு, காசு கொடுத்தாச்சு, இனி எப்படி வேண்டாம் என்பது?" என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள். மண்டபக் காசு போனால் போகட்டும். தாலி ஏறும்வரைக்கும் வேண்டாம் என்று சொல்லலாம்.

போலிக் கலியாணம் என்கிறார்களே, அது வேறா?

வேறு. போலிக் கலியாணத்தில் இருவரும் ஒத்துப்போய், வாழும் எண்ணமே இல்லாமல், விசாவுக்காகக் கையெழுத்து வைக்கிறார்கள். கட்டாயக் கலியாணத்தில் ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் விசா அதிகாரி பெரும்பாலும் தேடுவது முதலாவதை. சேர்ந்து எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு எல்லாம் கோப்பில் இருந்தால் "உண்மையான உறவு" என்று தோன்றிவிடும். கட்டாயப்படுத்தும் குடும்பமே அந்தப் படங்களையும் எடுத்துக் கொடுக்கிறது. கலியாண அல்பத்தைப் பார்த்து விருப்பத்தை அளக்க முடியாது என்பது இந்த மேசையில் இருந்து நான் கற்றுக்கொண்டது.

எங்கட ஆட்களிடம் இதெல்லாம் இல்லையே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13ஆம் திகதி, பட்டப்பகலில், நடுத்தெருவில் சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றது வேறு சாதிப் பெண்ணைக் கட்டினார் என்பதற்காக. நாங்கள் கடல் கடந்து இருக்கிறோம், எங்களுக்குள் அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே கத்தி எடுக்கிறவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் சாதி விட்டுக் காதலித்த பிள்ளையை அவசரமாகக் கூட்டிவந்து, இரண்டு கிழமைக்குள் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு எழுத்து வைக்கிற (கலியாணப் பதிவு செய்கிற) கதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரியாதவர்கள் யார்? பெண்ணின் உடம்பில் குடும்பத்தின் மானத்தைக் கட்டிவைப்பது எந்த ஒரு மதத்துக்கும் சாதிக்கும் மட்டும் உரியதல்ல.

இலங்கையில் கலியாண வயது என்ன?

பொது விவாகச் சட்டத்தின்கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படி ஆக்கியது. பெற்றோர் சம்மதித்தால் 16, 17இலும் முடிக்கலாம் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள், அது பிழை. பெற்றோர் சம்மதம் பற்றிய பழைய பிரிவு சட்டத்தில் மிச்சமிருந்ததால் வந்த குழப்பம் அது. பெற்றோரின் சம்மதம் வயதைக் குறைக்காது என்று 2002இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

முஸ்லிம் சகோதரிகளின் நிலைமை கடினமானது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது என்று ஒன்றை வைக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் காதியாரின் (முஸ்லிம் விவாக நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்று மட்டும் சொன்னது. பதிவில் மணமகளின் கையொப்பத்தையும் அது கேட்கவில்லை, வலி எனப்படும் அவளுடைய ஆண் பாதுகாவலர் ஒப்பமிட்டால் போதும். இதை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்காகப் போராடுகிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்களே. தன் கலியாணப் பத்திரத்தில் தன் கையெழுத்து வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

எழுத்து வைக்கும்போது பதிவாளரிடம் "விருப்பமில்லை" என்று சொல்லலாமா? முடிந்துவிட்டால் என்ன வழி?

சொல்லலாம். நீங்கள் வாயால் சம்மதிக்காமல் பதிவாளர் பதிவு செய்ய முடியாது. அறிவித்தல் கொடுத்த பிறகு சாதாரணமாக 12 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஆட்சேபனை தெரிவிக்கவும் இடமுண்டு. விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லாமல் போகும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு லீவு குறைவு என்று சொல்லி அதை எடுப்பது வழக்கம். ஆகவே 12 நாளை நம்பி இருக்க வேண்டாம்.

எழுத்து வைக்கவில்லை, தாலி மட்டும்தான் கட்டினார்கள் என்றால் அது கலியாணமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். வழக்காற்றுப்படி செய்த இந்துக் கலியாணம் பதிவு இல்லாமலும் செல்லுபடியாகலாம்.

பலவந்தத்தில் நடந்த கலியாணத்தை இல்லாததாக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். விவாகரத்து வேறு, இது வேறு, இரண்டையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஒரு பெண்ணைக் கட்டாயமாகக் கலியாணம் செய்துவைக்கக் கடத்திச் செல்வது தண்டனைச் சட்டக்கோவையின் 357ஆம் பிரிவின்படி குற்றம், 10 வருடம்வரை சிறைத்தண்டனை உண்டு. கையில் காசு இல்லையென்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

வெளிநாடுகள் வாழ்க்கைத்துணை விசாவுக்கு வயதைக் கூட்டினால் கட்டாயக் கலியாணம் குறையாதா?

பல நாடுகள் அப்படித்தான் நினைத்தன. டென்மார்க் 2002இல் இருவருக்கும் 24 வயது என்று வைத்தது. பிரித்தானியா 2008 நவம்பரில் 18ஐ 21 ஆக்கியது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்தால், படித்து முடித்தால், வீட்டை எதிர்த்துப் பேசும் பலம் வரும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு சோடிகளின் வழக்கு போனது. ஒரு சோடி சிலி நாட்டு இளைஞரும் அவர் காதலித்துக் கட்டிய பிரித்தானியப் பெண்ணும். மற்றது பாகிஸ்தானில் பேசிச் செய்த கலியாணம். இரண்டிலும் கட்டாயம் என்று யாருமே சொல்லவில்லை. இருந்தும் இரண்டு சோடியும் பிரித்தானியாவில் சேர்ந்து வாழ முடியாமல் போனது. 2011 ஒக்டோபர் 12ஆம் திகதி நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் அரசுக்கு எதிராகத் தீர்த்தது. விருப்பத்தோடு முடித்த இத்தனை பேரின் குடும்ப வாழ்க்கையைத் தடுக்கும் அளவுக்கு, இந்த விதி கட்டாயக் கலியாணத்தைக் குறைக்கிறது என்று அரசு காட்டவில்லை என்பதுதான் சாரம். அடுத்த மாதமே வயது திரும்பவும் 18 ஆனது.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. வயதைக் கூட்டினால் வீட்டில் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். 18இல் கட்டி, 21வரை பிள்ளையை இங்கேயே வைத்திருப்பார்கள். அந்த மூன்று வருடமும் அவள் யாருடைய பார்வையிலும் இல்லை. அதைவிட, விண்ணப்பத்தின் ஏதாவது ஒரு கட்டத்தில் அவளைத் தனியாக இருத்தி, அவள் மொழியில், "உனக்கு விருப்பமா?" என்று ஒரு நிமிடம் கேட்பது மேல். அதற்கு இடமுண்டு. பிரித்தானியாவுக்குப் போகிறவர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். பரீட்சை அறைக்குள் மாமி வர முடியாது.

ஜேர்மனி 2011இல் செய்தது நன்மையும் தீமையும் கலந்தது. கட்டாயக் கலியாணத்தைத் தனிக் குற்றமாக்கியது, 6 மாதம் முதல் 5 வருடம்வரை தண்டனை. அங்கே நீண்டகாலம் வளர்ந்து, கட்டாயமாக வெளியே கொண்டுபோகப்பட்ட பிள்ளை திரும்பிவரும் உரிமையை 10 வருடம்வரை நீட்டியது. அதே சட்டத்தில்தான் கணவரைச் சாராமல் தனி வதிவிட உரிமை பெறச் சேர்ந்து வாழவேண்டிய காலத்தை இரண்டு வருடத்திலிருந்து மூன்றாகக் கூட்டியது. வன்முறைக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் விதிவிலக்கு இருப்பதை மொழி தெரியாத பெண்ணுக்கு யார் சொல்வது? போலிக் கலியாணத்தைப் பிடிக்கப் போட்ட வலையில் அடிவாங்கும் பெண்தான் மாட்டுகிறாள்.

நான் லண்டனில் பிறந்தவள். "அம்மம்மாவுக்குச் சுகமில்லை" என்று கொழும்புக்குக் கூட்டிப்போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தை நம்புங்கள், தங்கச்சி. விமானம் ஏறுமுன் செய்வது நூறு மடங்கு சுலபம்.

பிரித்தானியாவில் வெளியுறவு அமைச்சும் உள்துறை அமைச்சும் சேர்ந்து நடத்தும் கட்டாயத் திருமணப் பிரிவு 2005 முதல் இருக்கிறது. எண் 020 7008 0151. கொழும்பிலிருந்து அழைத்தால் +44 20 7008 0151. கர்மா நிர்வாணா என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச எண் 0800 5999 247. பாடசாலை ஆசிரியரிடம் சொன்னாலும் போதும், அவர் இவர்களிடம் சொல்வார்.

நீதிமன்றத்தில் கட்டாயத் திருமணப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 2008 நவம்பரிலிருந்து அது உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லும், வெளிநாடு கொண்டுபோகக் கூடாது என்று தடுக்கும், கொண்டுபோயிருந்தால் திருப்பிக் கூட்டிவரச் சொல்லும். உங்களுக்காக உள்ளூராட்சி மன்றமே விண்ணப்பிக்கலாம். கட்டளையை மீறினால் 5 வருடம்வரை சிறை. கட்டாயக் கலியாணமே 2014 ஜூன் 16 முதல் தனிக் குற்றம், 7 வருடம்வரை. அந்த நோக்கத்தோடு பொய் சொல்லி வெளிநாடு கூட்டிப்போவதும் அதில் அடங்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பெப்ரவரி 27க்குப் பிறகு 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கலியாணம் செய்துவைப்பது, வற்புறுத்தல் இல்லாவிட்டாலும், பதிவில்லாத தாலி, நிக்காஹ் சடங்காக இருந்தாலும் குற்றம்.

விமான நிலையத்துக்கே வந்துவிட்டீர்கள் என்றால், கர்மா நிர்வாணா சொல்லிக் கொடுத்த ஒரு யுக்தி இருக்கிறது: ஒரு கரண்டியை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் கருவி சத்தம் போடும், உங்களைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சோதிப்பார்கள். அங்கே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை தன் நாட்டிலேயே உதவி கேட்க ஒரு கரண்டியை ஒளிக்க வேண்டி இருக்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

கொழும்புக்கு வந்துவிட்டீர்களா? கையில் இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரித்தானியப் பாஸ்போர்ட்டில் வந்திருப்பது நல்லது. இலங்கைப் பாஸ்போர்ட்டில் வந்தால் இங்கே உங்களை இலங்கையராகவே பார்ப்பார்கள், தூதரகத்தின் கை கொஞ்சம் கட்டுப்படும். இருந்தாலும் அழையுங்கள். பிரித்தானிய உயர் ஸ்தானிகராலயம் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் அதிக தூரமில்லை. பாஸ்போர்ட்டைப் பறித்துவிட்டார்கள் என்றால் அவசரப் பயணப் பத்திரம் கொடுப்பார்கள். திரும்பிப் போகும் செலவைப் பாதிக்கப்பட்டவரிடமே கடனாக அறவிடும் வழக்கத்தை 2019இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே "காசு இல்லையே" என்று யோசிக்க வேண்டாம்.

முன்னதாகவே செய்யக்கூடியது: பாஸ்போர்ட்டின் படம், ரிக்கெற் விபரம், கொழும்பில் தங்கும் வீட்டு முகவரி மூன்றையும் நம்பிக்கையான ஒரு சிநேகிதிக்கு அனுப்பி வையுங்கள். இந்தத் திகதிக்குள் நான் பேசாவிட்டால் இந்த எண்ணுக்கு அழை என்று சொல்லி வையுங்கள். அனுப்பியதை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

கனடா, பிரான்ஸ், அவுஸ்திரேலியாப் பிள்ளைகளுக்கு?

மூன்றிலும் குற்றம்தான். கனடாவில் 2015இலிருந்து 5 வருடம்வரை சிறை, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கலியாணத்துக்காக நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் குற்றம், தண்டனை இப்போது 7 வருடம்வரை, சூழ்நிலை கடுமையானால் 9. பிரான்சில் பெண்ணின் கலியாண வயதை 15இலிருந்து 18 ஆக்கியது 2006இல். கட்டாயக் கலியாணத்துக்காக ஏமாற்றி வெளிநாடு கூட்டிப்போவதை 2013இல் குற்றமாக்கினார்கள், 3 வருடம்வரை. உங்கள் நாட்டுத் தூதரகம் கொழும்பில் இருக்கிறது, கொன்சியூலர் பிரிவைக் கேளுங்கள்.

கட்டிவைத்துவிட்டார்கள். இப்போது அவரை ஸ்பொன்சர் பண்ணச் சொல்லி நெருக்குகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் அடி, போட்டால் அவர் வந்துவிடுவார்.

உங்கள் போன்றவர்களை "விருப்பமில்லாத ஸ்பொன்சர்" என்று பிரித்தானிய அதிகாரிகள் சொல்வார்கள். கட்டாயத் திருமணப் பிரிவிடம் பேசினால் விசாவை மறுக்க உதவுவார்கள். ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். மறுக்கும்போது விண்ணப்பதாரருக்குக் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் வெளிப்படையாக வாக்குமூலம் கொடுத்தால் மறுப்பு உறுதியாக நிற்கும், ஆனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பெயர் வெளியே வராமல் இரகசியமாகச் சொன்னால் வேறு காரணம் கிடைத்தால்தான் மறுக்க முடியும், அது உறுதியில்லை. ஆகவே வாக்குமூலத்துக்கு முன் தங்க ஒரு பாதுகாப்பான இடம் முக்கியம். வரிசையை மாற்றிச் செய்ய வேண்டாம்.

இந்த இடத்தில் விதி பிள்ளையைக் கைவிடுகிறது என்று நினைக்கிறேன். மறுப்புக் கடிதத்தில் அவளைக் காட்டிக்கொடுக்காமல் மறுக்க ஒரு வழி சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

நான் இலங்கையிலிருந்து வாழ்க்கைத்துணை விசாவில் போனேன். அடிக்கிறார். "பொலிசுக்குப் போனால் உன் விசாவை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறார்.

விசா கொடுத்தது அரசு, அவர் அல்ல. உறவு முறிந்தது என்று அவர் அறிவிக்கலாம், விசாவை நிறுத்துவதா என்று முடிவெடுப்பது உள்துறை. வீட்டுக்குள் அடிவாங்கியவர்களுக்கு அதே உள்துறையில் தனிப்பாதை இருக்கிறது.

பிரித்தானியாவில் வீட்டு வன்முறையால் உறவு முறிந்தால், வாழ்க்கைத்துணை விசாவில் உள்ளவர் ஐந்து வருடம் முடியும்வரை காத்திருக்காமல் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கையில் காசில்லை, தங்க இடமில்லை என்றால் அதற்கு முன்னதாக மூன்று மாதச் சலுகை அனுமதி கேட்கலாம், அந்தக் காலத்தில் அரச கொடுப்பனவும் வீட்டு உதவியும் பெற முடியும். அடித்தால்தான் வன்முறை என்றில்லை. காசைப் பிடித்து வைப்பது, வெளியே விடாதது, சாப்பாடு தராதது எல்லாம் அதில் சேரும். டொக்டரிடம் சொன்னது, அயலவர் கண்டது, அழுதுகொண்டு அக்காவுக்கு அனுப்பிய குரல் பதிவு எல்லாமே சான்று. அழித்துவிடாதீர்கள், அந்தக் குரல் பதிவை அக்காவையே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கனடாவில் 2012 ஒக்டோபரிலிருந்து, சில சோடிகளுக்கு, இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவிடம் நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த இரண்டு வருடத்தைச் சொல்லி மிரட்டப்பட்ட பெண்கள் இருந்தார்கள், 2017இல் அதை நீக்கினார்கள். இப்போது நிரந்தர வதிவிடம் கிடைத்துத் தரையிறங்கியவர் பிரிந்து போனாலும் அது பறிபோகாது. கணவரின் ஸ்பொன்சர் பொறுப்பு மூன்று வருடம் தொடரும், பிரிந்தாலும் தொடரும். வதிவிடம் இன்னும் கிடைக்காதவர்களுக்கு 2019 முதல் குடும்ப வன்முறைக்கென்று கட்டணமில்லாத தற்காலிக அனுமதி உண்டு.

இவ்வளவும் சட்டத்தில் இருக்கும்போது, "ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற ஒரு வசனம் எப்படி இத்தனை பேரை அடக்கி வைக்கிறது? போகும்போது இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை என்பதுதான் காரணம். விசாப் பத்திரம் வாங்கி வருகிற பிள்ளைக்கு நான் இப்போது இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

லீவுக்கு என்று கொழும்புக்குக் கூட்டிவந்து, என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, என் பாஸ்போர்ட்டோடும் பிள்ளையோடும் லண்டனுக்குப் போய்விட்டார்.

இதுவும் வன்முறைதான், இப்போது சட்டமும் அப்படிப் பார்க்கிறது. 2024 ஜனவரி 31க்குப் பிறகு, இப்படிக் கைவிடப்பட்டவர் பிரித்தானியாவுக்கு வெளியே இருந்தபடியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு நாட்டுக்குள் இருந்தால்தான் முடியும், அதைத் தெரிந்துதான் கணவர்மார் இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

பாஸ்போர்ட் காணாமற் போனதாகப் பொலிசில் முறைப்பாடு செய்து, பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் புதியதற்கு விண்ணப்பியுங்கள். பிள்ளை வழக்கமாக லண்டனில் வாழ்ந்தவர் என்றால் பொறுப்புப் பற்றிய வழக்கை அந்த நீதிமன்றத்தில் தொடங்க வேண்டும். மாறாக, பிள்ளையை வெளிநாட்டிலிருந்து உங்கள் சம்மதமில்லாமல் இலங்கைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால், 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இங்கே நீதி அமைச்சு ஊடாகத் திருப்பிக் கேட்கலாம்.

மாப்பிள்ளை கனடாவில், பொம்பிளை கொழும்பில், போனில் நிக்காஹ் முடித்தால் ஸ்பொன்சர் பண்ணலாமா?

கனடாவுக்கு முடியாது. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருக்காத கலியாணத்தை, அது தொலைபேசியில் நடந்தாலும் வீடியோவில் நடந்தாலும் பதிலாள் வைத்து நடந்தாலும், குடிவரவுக்கு 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை. மணமகள் அந்த இடத்திலேயே இல்லாமல் அவள் கலியாணம் நடந்துவிடக் கூடாது என்பது நல்ல காரணம்தானே.

பொலிசுக்குப் போனால் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்களே?

அதுதான் ஆபத்து. லண்டனில் பனாஸ் மஹ்மூத் என்ற 20 வயதுப் பெண், கட்டாயக் கலியாணத்தை விட்டு வந்து வேறொருவரைக் காதலித்தார். உறவினர் தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று பொலிசிடம் திரும்பத் திரும்பப் போனார், சந்தேகப்படுகிறவர்களின் பெயர்களையே எழுதிக் கொடுத்தார். 2006 ஜனவரியில் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் தகப்பனும் சித்தப்பாவும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அங்கே இப்போது அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்: உதவி கேட்டு வருகிறவர் திரும்ப வராமல் போகலாம், உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சந்தர்ப்பம், குடும்பத்தைக் கூப்பிட்டுச் சமரசம் பேசாதீர்கள்.

கொழும்பில் பொலிஸ் நிலையத்தில் அப்படிச் சமரசம் பேச முயன்றால், "எனக்கு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை வேண்டும்" என்று சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அது. கணவருக்கு எதிராக மட்டுமல்ல, தகப்பன், தாய், அண்ணன், மாமா, மச்சானுக்கு எதிராகவும் கேட்கலாம். மனத் துன்புறுத்தலும் அதில் அடங்கும். நீதிவான் நீதிமன்றத்தில் நீங்களோ, உங்கள் சார்பில் பொலிஸ் அதிகாரியோ விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாள் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம்வரை. மீறினால் ஒரு வருடம்வரை சிறை.

பெண்கள் உதவி எண் 1938. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. உயிர் ஆபத்து என்றால் 119. விமன் இன் நீட் என்ற அமைப்பு 1987 முதல் கொழும்பில் சட்ட உதவியும் ஆலோசனையும் தருகிறது.

அம்மா அப்பாவைச் சிறைக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். அடிக்கும் அம்மாவும் அம்மாதான். உங்கள் அன்பில் பிழையில்லை. அதனால்தான் பாதுகாப்புக் கட்டளை என்ற வழி இருக்கிறது. அங்கும் இங்கும் அது யாரையும் குற்றவாளியாக்காது, "இதைச் செய்யாதே" என்று தடுக்கும். மீறினால் மட்டுமே தண்டனை. பல வீடுகளில் அந்தக் கட்டளைதான் பெற்றோருக்கும் ஒரு வழியைக் கொடுக்கிறது: "நாங்கள் என்ன செய்வது, கோர்ட் தடுத்துவிட்டது" என்று சொந்தக்காரருக்குச் சொல்லலாம்.

ஆண்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மேலே சொன்ன சட்டங்களில் அநேகமானவை ஆணுக்கும் உண்டு. பெண்ணில் நாட்டமில்லாத மகனுக்கு "கட்டிவைத்தால் சரியாகிவிடும்" என்று கலியாணம் பேசுவது நடக்கிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளைச் சொல்லி வீட்டாரே மிரட்டுவதுமுண்டு. அப்படி வருகிறவர் பொலிசுக்குப் போகுமுன் சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது. அந்தக் கலியாணத்தில் மாட்டும் பெண்ணும் ஏமாற்றப்பட்டவர் என்பதை மறக்க வேண்டாம்.

மானத்துக்காகக் கொல்வார்கள் என்ற பயத்தில் வெளிநாட்டில் தஞ்சம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கொழும்பிலிருந்து முடியாது, பிரித்தானியாவில் கேட்பதென்றால் அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும். 1999இல் அங்கே அப்போதைய அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, பாகிஸ்தானிலிருந்து வந்த இரு பெண்களின் வழக்கில், நாடு பாதுகாக்காத பெண்கள் அகதிச் சமவாயத்தின்கீழ் ஒரு சமூகக் குழுவாகலாம் என்று ஏற்றது. இலங்கையின் வேறு ஊரில் போய் இருக்க முடியாதா என்று கட்டாயம் கேட்பார்கள். பொலிசில் போட்ட முறைப்பாட்டின் பிரதி அப்போது பெறுமதியானது.

நான் சொந்தக்காரர் இல்லை. மண்டபம் நடத்துகிறேன், படம் எடுக்கிறேன், மேக்கப் போடுகிறேன். என்ன செய்ய முடியும்?

நிறைய. மேக்கப் அறையில் பொம்பிளையோடு தனியாக ஒரு மணித்தியாலம் இருப்பது நீங்கள்தான். ஐயருக்கோ பாதிரியாருக்கோ பதிவாளருக்கோ அந்த நேரம் கிடைப்பதில்லை.

நான் செய்வது இதுதான். பத்திரம் தர வருகிறவர்களிடம், "பெயருக்கு எழுத்துச் சரிபார்க்க வேண்டும், பிள்ளை மட்டும் உள்ளே வரட்டும்" என்பேன். அது பொய்யில்லை, ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விண்ணப்பம் திரும்பிவரும். உள்ளே மேசையில், அவள் கண்ணுக்குத் தெரியும்படி, 1938, 1929, லண்டன் எண் மூன்றும் எழுதிய துண்டுகள் கிடக்கும், கடன் அட்டை அளவில், உள்ளங்கைக்குள் மடங்கும். பெயரைக் கேட்பேன். அவளே எழுத்து எழுத்தாகச் சொல்வாள். அப்புறம், "உங்களுக்கு இதில் விருப்பமா, பிள்ளை?" என்று கேட்பேன். பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டு "ஓம் அன்ரி" என்பார்கள், சந்தோஷமாகப் போவார்கள். சிலர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் திரும்பி அலுமாரியில் கோப்புத் தேடுவேன். திரும்பிப் பார்க்கும்போது சில நாட்களில் ஒரு துண்டு குறைந்திருக்கும்.